குடலில் குடியிருப்போர்க்கும் ஒரு பங்கு

அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் அமர்கிறார்கள். ஒரே பானைச் சோறு, ஒரே சாம்பார், ஒரே பாயசம். இருவரும் சமமாகவே உண்டு எழுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் அண்ணனுக்குச் சர்க்கரை எகிறி நிற்கிறது. தம்பிக்கோ அளவோடு இருக்கிறது. “எல்லாம் தலையெழுத்து” என்று அண்ணன் பெருமூச்சு விடுகிறார். “இனிப்பைத் தொடாதீர்கள்” என்று டாக்டர் எச்சரிக்கிறார். “அவனைவிட நான் அதிகமாகவா சாப்பிட்டேன்?” என்று அண்ணன் கேட்கும் கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் சரியான பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலின் ஒரு பகுதி இப்பொழுது கிடைத்திருக்கிறது. அது இருப்பது தலையெழுத்தில் அல்ல, குடலில். மனிதனுடைய பெருங்குடலில் குடியிருக்கும் கோடானு கோடி நுண்கிருமிகளுக்கும் ரத்தத்தில் ஏறி இறங்கும் சர்க்கரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று பல நாட்டு விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கிருமிகளை வாழவைப்பதும் வாட்டுவதும் அன்றாடம் இலையில் விழும் சாப்பாடே என்பதும் தெளிவாகியிருக்கிறது.

இது விஞ்ஞானிகள் மட்டும் ரசிக்கவேண்டிய விந்தை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023ல் வெளிவந்தது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். கண் மங்குதல், சிறுநீரகம் பழுதாதல், ஆறாத புண்ணால் காலையே இழத்தல் என்று இந்த வியாதி வசூலிக்கும் வரி கொஞ்சநஞ்சமல்ல. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர் படுத்தால், அந்தக் குடும்பமே படுத்துவிடுகிறது. ஆகவே, இதைத் தடுக்க எந்தத் திசையிலிருந்து ஒரு வழி தென்பட்டாலும் அதைக் கூர்ந்து பார்ப்பது கடமையாகும்.

ஒரே ரொட்டி, பல பலன்

இஸ்ரேல் நாட்டில் ரெஹோவோட் என்ற ஊரில் வைஸ்மன் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே எரான் சேகல், எரான் எலினாவ் என்ற இரு விஞ்ஞானிகள் 800 பேரைத் திரட்டி ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒவ்வொருவர் உடலிலும் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவை அது குறித்துக்கொண்டே இருந்தது. ஒரு வார காலம் அவர்கள் சாப்பிட்டது, தூங்கியது, நடந்தது யாவும் பதிவாயின. ஏறத்தாழ 47,000 சாப்பாடுகளின் கணக்கு சேர்ந்தது. அவர்களுடைய மலத்தையும் சோதித்து, குடலில் எந்தெந்தக் கிருமிகள் எவ்வளவு இருக்கின்றன என்றும் அறிந்தார்கள்.

2015ல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. எல்லோருக்கும் ஒரே அளவு ரொட்டி கொடுத்தும், சர்க்கரை ஏறிய அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறியது. ஒருவருக்கு வாழைப்பழம் தின்றால் சர்க்கரை ஏறியது. பிஸ்கோத்துத் தின்றால் அவ்வளவாக ஏறவில்லை. இன்னொருவருக்கோ நேர்மாறாக இருந்தது. கிருமிகளின் விவரத்தையும் உடல்நிலை விவரங்களையும் கணக்குப்பொறியில் கொடுத்து, இன்னாருக்கு இன்ன சாப்பாட்டால் இவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முயன்றார்கள். புதிதாகச் சேர்த்த 100 பேரிடம் சோதித்தபோது, மாவுச்சத்தை மட்டும் எண்ணிச் சொல்லும் வழக்கமான முறையைவிட இந்த முறை நன்றாகப் பலித்தது.

இதனால் சாப்பாட்டின் அளவும் தரமும் முக்கியமல்ல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்களின் முயற்சியில், பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனை 2020ல் வெளிவந்தது. அவர்களில் பலர் இரட்டையர்கள். ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்குக்கூட ஒரே சாப்பாடு ஒரே பலனைத் தரவில்லை! சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில், உணவின் சத்துக்களுக்கு நூற்றுக்குச் சுமார் 15 பங்கும், குடல் கிருமிகளுக்குச் சுமார் 6 பங்கும் பொறுப்பு என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆறு பங்குதானா என்று அலட்சியம் செய்வதற்கில்லை. தாய் தந்தையர் வழியாக வந்த உடற்கூற்றை ஒருவர் மாற்றிக்கொள்ள முடியாது. வயதைக் குறைத்துக்கொள்ள முடியாது. குடலில் குடியிருப்போரை மாற்ற முடியும். அதற்கு வேண்டிய கருவி சமையலறையிலேயே இருக்கிறது.

வயிற்றுக்குள் நடக்கும் வேலை

மனித உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோவுக்கும் குறைவே. கிருமி என்றதும் காலராவும் டைபாயிடும் நினைவுக்கு வருவது இயல்பு. இவையோ பெரும்பாலும் பகைவர்கள் அல்ல. வாடகைக்குப் பதிலாக வேலை செய்து கொடுக்கும் குடித்தனக்காரர்கள்.

அவர்கள் செய்யும் வேலை என்ன? சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து சிறுகுடலிலேயே ஜீரணமாகிக் குளுகோஸ் என்னும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின்தான் குளுகோஸைத் தசைகளுக்குள் புக வைக்கிறது. மனிதனால் ஜீரணிக்க முடியாத ஒரு பொருளும் உணவில் உண்டு. அதுதான் நார்ச்சத்து. தவிடு, பயறுகளின் தோல், கீரை, காய்கறி ஆகியவற்றில் அது இருக்கிறது. மனிதனுக்குப் பயனற்றது என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட அந்த நார் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே காத்திருக்கும் கிருமிகளுக்கு அதுவே சாப்பாடு.

நாரைத் தின்னும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பூட்டிரேட் என்னும் அமிலப் பொருள்களை உண்டாக்குகின்றன. பூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு முக்கிய உணவு. இந்த அமிலங்கள் குடற்சுவரில் உள்ள சில செல்களைத் தூண்டி ஜி.எல்.பி.1 என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. அது கணையத்துக்கு, “சாப்பாடு வந்துவிட்டது, இன்சுலினை அனுப்பு” என்று ஆள் அனுப்புகிறது. இரைப்பையிலிருந்து உணவு அவசரமாக இறங்காமல் தடுக்கிறது. போதும் என்ற உணர்ச்சியை மூளைக்குத் தெரிவிக்கிறது. சர்க்கரை வியாதிக்கும் உடல் பருமனுக்கும் இப்பொழுது உலகெங்கும் பேசப்படும் விலை உயர்ந்த ஊசி மருந்துகள் இதே ஹார்மோனின் வேலையைப் போலச் செய்பவைதாம். ஊசியின் வேகமும் பலமும் நாருக்கு இல்லை. ஆனால் நாருக்கு மருந்துச் சீட்டும் தேவையில்லை.

நார் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? பசித்த குடித்தனக்காரர் வீட்டுச் சுவரையே சுரண்டத் தொடங்குவது போன்ற நிலை வருகிறது. குடற்சுவரின்மேல் காப்பாக ஒரு சளிப் படலம் இருக்கிறது. நார் இல்லாத உணவைக் கொடுத்த எலிகளின் குடலில், கிருமிகள் அந்தப் படலத்தையே தின்று மெலியச் செய்தன என்று 2016ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. வேலி மெலிந்தால் வேண்டாதது உள்ளே புகும். சில கிருமிகளின் உடற்பொருள் குடலிலிருந்து ரத்தத்தில் கசிந்து, உடலெங்கும் ஒரு மெல்லிய அழற்சியை மூட்டி, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதை 2007ல் வெளிவந்த மற்றோர் எலிப் பரிசோதனை விளக்கியது. கணையம் இன்சுலினைச் சுரந்தாலும் தசைகள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நீரிழிவில் பெரும்பாலோருக்கு வரும் வகை இப்படித்தான் தொடங்குகிறது.

ஷாங்காய் நகரில் நடந்தது

எலிகளுக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்குமா என்று கேட்பது நியாயமே. சீனாவில் ஷாங்காய் நகரில் ஜாவ் லிப்பிங் என்ற விஞ்ஞானியின் தலைமையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 43 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்தது. இரு பிரிவினருக்கும் அகார்போஸ் என்ற ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான உணவு ஆலோசனை. மற்றப் பிரிவினருக்குத் தீட்டாத தானியங்களும் நார்ச்சத்து மிகுந்த பொருள்களும் நிறைந்த சாப்பாடு.

12 வாரம் கழித்துச் சோதித்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையில் ஏழு சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியவர்கள், வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 50 பேர். நார் மிகுந்த பிரிவில் 89 பேர். பின்னவர்களின் குடலில் 15 வகைக் கிருமிகள் ஓங்கி வளர்ந்திருந்தன. மேலே சொன்ன அமிலங்களை உண்டாக்குபவை அவை. அந்தக் கிருமிகள் எவ்வளவு நன்றாகப் பெருகினவோ அவ்வளவுக்குச் சர்க்கரையும் கட்டுப்பட்டது. 2018ல் வெளியான இந்த முடிவு சிறு கூட்டத்திடம் கண்டதுதான். ஆயினும், உணவை மாற்றினால் கிருமிகள் மாறும், கிருமிகள் மாறினால் சர்க்கரையும் இறங்கும் என்ற சங்கிலியின் கண்ணிகளை மனிதரிடமே காட்டியது என்பது இதன் சிறப்பு.

குன்னூரில் எழுந்த எச்சரிக்கை

வெளிநாட்டு ஆராய்ச்சிகளைக் கண்டு வியக்கும் பலருக்கு, இதற்கு அஸ்திவாரம் போன்ற ஒரு வேலை நீலகிரி மலையில் நடந்தது தெரியாது. சர் ராபர்ட் மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் குன்னூரில் தங்கி, உணவுக் குறைவால் வரும் வியாதிகளை ஆராய்ந்தார். சத்து அழிக்கப்பட்ட அரிசியைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தப் பிராணிகளின் குடல் பழுதானதைக் கண்டு, குறைபட்ட உணவின் கேடு குடலில் தெரியும் என்று 1921ல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

பின்னர் இந்தியாவின் பல மாகாணத்தார் உண்ணும் உணவு வகைகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்தின் அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை நலிந்தன. அவர் வளர்த்த குன்னூர் ஆராய்ச்சிக்கூடம்தான் 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது.

அதே காலத்தில், 1934ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும், அதன் செயலாளராக இருந்த ஜே. சி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசியின் பெருமையை ஊர் ஊராகச் சொன்னார்கள். ஆலையில் தீட்டும்போது விட்டமின் போகிறது என்பதே அன்றைய வாதம். தவிட்டோடு போவது விட்டமின் மட்டுமல்ல, குடலில் குடியிருப்போரின் சாப்பாடும்தான் என்பது இன்றைய விஞ்ஞானம் சேர்த்திருக்கும் வாசகம்.

நாடு அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. மல்லிகைப்பூப் போன்ற வெள்ளைச் சோறே மரியாதைக்குரியது என்றாகிவிட்டது. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் ஏழ்மையின் அடையாளமாயின. சென்னை நகரில் பெரியவர்களிடம் எடுத்த ஒரு கணக்கு 2009ல் வெளிவந்தது. அவர்கள் பெறும் சக்தியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே கிடைக்கிறது என்றும், அவற்றை மிக அதிகமாக உண்பவர்களிடையே சர்க்கரை வியாதியும் அதிகம் என்றும் அது கூறியது. சென்னையிலேயே உடல் பருமன் கொண்ட 15 பேருக்கு வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாள் முழுவதும் ஏறிய சர்க்கரை சுமார் 20 சதவிகிதம் குறைந்தது. அத்துடன் பயறும் சேர்த்தபோது சுமார் 23 சதவிகிதம் குறைந்தது. இந்த முடிவு 2014ல் வெளியாயிற்று.

புட்டியில் அடைத்த நம்பிக்கை

ஒரு புதிய உண்மை வெளிவந்தால், அதன் பின்னாலேயே ஒரு வியாபாரமும் வந்துவிடும். “நல்ல கிருமிகள்” அடங்கிய மாத்திரை, பொடி, பானம் என்று டப்பாக்கள் கடைகளில் அடுக்கப்படுகின்றன. மலத்தைச் சோதித்து உணவுப் பட்டியல் எழுதித் தருவதாகவும் விளம்பரங்கள் வருகின்றன. டப்பாவை வாங்கிவிட்டால் பழைய சாப்பாட்டையே சாப்பிடலாம் என்ற நினைப்பு பரவினால் அதைவிடக் கேடு வேறில்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒரு பரிசோதனை இதற்குத் தக்க பதில். உடல் மெலிந்த ஆரோக்கியமானவர்களின் குடல் கிருமிகளை எடுத்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாத ஆண்களின் குடலில் செலுத்தினார்கள். ஆறு வாரத்தில் இன்சுலினின் வேலை சீர்பட்டது என்று 2012ல் அறிவித்தார்கள். ஆனால் அதே குழுவினர் பெரிய அளவில் செய்து 2017ல் வெளியிட்ட சோதனையில், 18 வாரத்துக்குள் அந்தப் பலன் மறைந்துவிட்டது. உழாத நிலத்தில் நாற்றை நட்டு, நீரும் எருவும் போடாமல் அறுவடைக்குக் காத்திருந்தால் என்ன கிடைக்கும்? கிருமியை அனுப்புவது பெரிதல்ல. அதற்கு நாள்தோறும் தீனி போடுவதே பெரிது.

சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்புகளின் கதையும் கவனிக்கத் தக்கது. சாக்கரின் என்ற இனிப்பு சில எலிகளின் குடல் கிருமிகளை மாற்றிச் சர்க்கரையைக் கூட்டியது என்று வைஸ்மன் நிலையத்தார் 2014ல் கண்டார்கள். ஒரு வாரம் அதை உட்கொண்ட ஏழு பேரில் நால்வருக்கும் அப்படியே நேர்ந்தது. பின்னர் 120 பேரைக் கொண்டு செய்த சோதனை 2022ல் வெளிவந்தபோது, சாக்கரினும் சுக்ரலோஸும் அத்தகைய மாறுதலை உண்டாக்கின என்றும், அது ஆளுக்கு ஆள் வேறுபட்டது என்றும் தெரிந்தது. உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்புகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023ல் ஆலோசனை கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்றும் அதுவே குறிப்பிட்டது. அவர்கள் தங்கள் டாக்டரையே கேட்க வேண்டும்.

இலையில் செய்யவேண்டிய மாற்றம்

அப்படியானால் சாதாரணக் குடும்பம் என்ன செய்வது? நாளொன்றுக்குப் பெரியவர்கள் 25 கிராம் நாராவது இயற்கை உணவிலிருந்து பெறவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஹைதராபாத் நிலையம் 2017ல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலைப் புரட்டினால் வழி தெரியும். நூறு கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 3 கிராம் நார்தான் இருக்கிறது. தீட்டாத அரிசியில் நாலரை கிராம் அளவு. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம். முழுப் பச்சைப் பயற்றில் 17 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம்!

இதிலிருந்து ஒன்று விளங்கும். அரிசியின் நிறத்தை மாற்றுவது மட்டும் போதாது. சோற்றின் குவியலைக் குறைத்து, பயறு, கீரை, காய் ஆகியவற்றின் பங்கைக் கூட்டுவதே மேல். இப்பொழுது சோறு மலை போலவும் பொரியல் மரு போலவும் இலையில் விழுகின்றன. இது தலைகீழாக மாற வேண்டியதில்லை. சமமானாலே பெரிய நன்மை. வாரத்தில் சில நாள் கேழ்வரகு அடை, மாலையில் பலகாரத்துக்குப் பதில் சுண்டல், தினம் ஒரு கீரை என்றால் பெரும் செலவு இல்லை. தயிரும் மோரும் நல்லவையே. ஆனால் அவை நாரின் வேலையைச் செய்யா. சோற்றை ஆறவைத்தால் அதன் மாவில் ஒரு சிறு பகுதி ஜீரணமாகாத வடிவம் பெற்றுக் கிருமிகளுக்குப் போகிறது என்பதும் உண்மை. அதைச் சாக்காக வைத்துப் பழைய சோற்றைச் சட்டி சட்டியாகக் காலி செய்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

எச்சரிக்கையும் அவசியம். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் அதை ஒரு நாளும் தாமாக நிறுத்தக் கூடாது. உணவைப் பெரிதும் மாற்றும்போது மருந்தின் அளவையும் மாற்றவேண்டி வரலாம். இல்லாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறும் கீரையும் அளவோடுதான் தகும். நார் பழகாத வயிற்றில் திடீரென்று நிறையப் போட்டால் உப்புசமும் வாயுவும் வரும். சிறுகச் சிறுகக் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும்; குடித்தனக்காரர்களும் பெருகுவார்கள்.

சர்க்கார் செய்யவேண்டியது

“கீரையும் பயறும் வாங்கு” என்று ஏழையிடம் உபதேசம் செய்வது எளிது. அவன் வீட்டுக்கு வருவது ரேஷன் கடை அரிசி. பயறுக்கும் காய்க்கும் ரொக்கம் வேண்டும். கூலி குறைந்த நாளில் முதலில் வெட்டு விழுவது பொரியலுக்குத்தான். பசி தீர்வது சோற்றாலேயே. ஒரு காலத்தில் பஞ்சத்தை விரட்டிய அந்த அரிசியைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பசியை வென்ற ரேஷன் கடை அடுத்த படியாக வியாதியையும் வெல்ல உதவ வேண்டும் என்பதே கோரிக்கை.

அதற்கான அடி எடுத்து வைக்கப்படாமல் இல்லை. 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. விரும்பும் குடும்பத்துக்கு எந்த மாவட்டத்திலும் அந்த வாய்ப்பு இருப்பதே முறை. அதிகம் தீட்டாத அரிசியையும் முழுப் பயறு வகைகளையும் ரேஷனில் சேர்ப்பது பற்றியும் ஆலோசிக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வேகவும் நேரமாகும். இவை உண்மையான இடையூறுகள். அருகிலேயே நெல்லை அரைத்து அவ்வப்போது விநியோகித்தால் முதல் இடையூறு தீரும். ஊறவைத்து வேகவைத்தால் இரண்டாவதும் குறையும்.

பள்ளிக்கூடச் சாப்பாடு இதைவிட முக்கியம். 1956ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்து, 2022ல் காலை உணவும் சேர்ந்த பெருமை தமிழகத்துக்கு உண்டு. குழந்தையின் தட்டில் சுண்டலும் காயும் கேழ்வரகும் கூடினால், நாக்கு சிறுவயதிலேயே அவற்றுக்குப் பழகும். நாற்பது வயதில் டாக்டர் சீட்டில் எழுதித் தரும் உணவை ஏழு வயதில் பள்ளிக்கூடமே ருசிக்கக் கற்றுக் கொடுத்துவிடலாம்.

ஆஸ்பத்திரிகளிலும் ஒரு மாறுதல் வேண்டும். “சர்க்கரையை விடு, சோற்றைக் குறை” என்ற இரண்டு வார்த்தையோடு நோயாளியை அனுப்பிவிடுவது போதாது. எதைக் குறைப்பது என்பதோடு எதைக் கூட்டுவது என்றும் சொல்ல வேண்டும். சமைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியாதலால் அவரையும் அருகில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். டப்பாக்களில் எழுதப்படும் அதிசய வாக்குறுதிகளை அதிகாரிகள் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும்.

பேரனுக்குப் போகும் சொத்து

தாமதத்துக்கு ஏன் இடமில்லை என்பதை ஓர் எலிக் கதை சொல்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில், மனிதக் குடல் கிருமிகளைக் கொண்ட எலிகளுக்கு நார் குறைந்த உணவைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். முதல் தலைமுறையில் பல கிருமி வகைகள் அருகின. மீண்டும் நாரைக் கொடுத்ததும் பெரும்பாலானவை திரும்பின. நான்காம் தலைமுறைக்குள் பல வகைகள் அடியோடு மறைந்துவிட்டன. அப்பொழுது நாரைக் கொடுத்தும் அவை திரும்பவில்லை. இது 2016ல் வெளிவந்தது.

மனிதன் எலி அல்ல. அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பாட்டியின் தட்டில் இருந்த கேழ்வரகும் பயறும் தாயின் தட்டில் குறைந்து, பேரனின் தட்டில் மறைந்துவரும் இந்நாட்டில் அந்த எலிகளின் கதையைக் கேட்டுச் சும்மா இருப்பதற்கில்லை. நகையும் நிலமும் பேரனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கவலைப்படும் குடும்பங்கள் இந்தச் சொத்தையும் நினைத்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும், வாசலில் நின்ற காக்கைக்கும் ஒரு பிடி வைத்து உண்ட நாடு இது. வயிற்றுக்குள் இருந்துகொண்டே இரவு பகலாக உழைப்பவர்களுக்கும் இன்று முதல் இலையில் ஒரு பங்கு வைக்கப்படட்டும்.